கிழித்தெடுத்த நான்கு பக்கங்கள்

சத்தம் போட்டுப் படித்தவர்கள்தானே நாமெல்லாம். இன்றைக்கு என் மகள் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, வாயைத் திறக்காமல், கட்டிலில் கவிழ்ந்து கிடந்து படிக்கிறாள். படிக்கிறாளா தூங்குகிறாளா என்று கிட்டப் போய்க் கண்ணாடியை மாட்டிப் பார்த்தால்தான் எனக்குத் தெரிகிறது. நம் காலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. அடுப்படி வரைக்கும் கேட்டால் படிக்கிறோம், கேட்காவிட்டால் தூங்குகிறோம். கம்பத்தில் எங்கள் தெருவில் மார்ச் மாத விடியலில் நடந்துபோனால் ஒரு வீட்டில் வேதியியல், அடுத்த வீட்டில் பானிபட் போர், அதற்கடுத்த வீட்டில் வாய்ப்பாடு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகலாம்.

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நான் என்ன படிக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வெங்காயம் அரிந்துகொண்டே காதை என் பக்கம் வைத்திருப்பாள். சத்தம் நின்றால் கரண்டியால் சட்டியில் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்கு மேல் மேற்பார்வை கிடையாது. அந்தத் தட்டலில் இருந்து ஒரு பிள்ளையும் தப்பியதில்லை என்பது அவள் நம்பிக்கை.

அப்பா ஜீப் ஓட்டினார். மலைக்கு மேலே கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார். அதனால் எங்கள் வீடு நாலு மணிக்கே விழித்துவிடும். வண்டியை உறும விட்டுவிட்டு, வாசலில் நின்று நான் படிப்பதை ஒரு நிமிடம் கேட்பார். "ஒன் சத்தத்தக் கேட்டுட்டு வண்டிய எடுத்தாத்தான் ஆத்தா எனக்கு மேடு ஏறும்" என்பார். நான் பிளஸ் டூ போன வருடம், தொண்ணூற்று எட்டில், இன்னொன்றும் சொல்லி வைத்தார். கவர்மென்ட் காலேஜில் சீட்டுக் கிடைத்தால் எந்த ஊர் என்றாலும் அனுப்புவார். கிடைக்காவிட்டால் அனுமந்தன்பட்டி மாமா வீட்டில் பெண் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், தட்டிக்கழிக்க முடியாது. மாமா மகனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன், வாழைத்தார் வெட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் எனக்குப் பதினேழு வயது, டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. மார்க்கு ஒன்றுதான் நடுவில் நின்றது.

எங்கள் வீட்டை ஒட்டினாற்போல் இருந்தது மாடி வீடு. அந்த வீட்டுப் பெரியப்பா திராட்சை வியாபாரி. சொந்தமில்லை, கூப்பிடுகிற முறைதான். அவருக்கு ஒரே மகள். எனக்கு இரண்டு வருடம் மூத்தவள், பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல். அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் "மாடி வீட்டு அக்காவப் பாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கும், அந்த வாக்கியத்தைப் பிடிக்காது. அவளுக்கு ரிசல்ட் வந்த வருடம் பெரியப்பா தெரு முழுக்க லட்டுக் கொடுத்தார். கோயமுத்தூர்ப் பக்கம் டாக்டர் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்றார். பிறகு ஒரு நாள், விடிவதற்கு முன்பே அவளைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டோம் என்றார்கள். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே என்று அம்மாவுக்கு வருத்தம். நாலு மணிக்கு எழுகிற வீடு எங்கள் வீடு. கார் வந்த சத்தம் எங்களுக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவள் புத்தகங்கள் அடுத்த வருடம் எனக்கு வந்தன. மாடி வீட்டுப் பெரியம்மா பாதி விலைகூட வாங்கவில்லை, சும்மாவே கொடுத்துவிட்டார். நேர்த்தியாகப் பழுப்புத் தாள் அட்டை போட்டு, முக்கிய வரிகளுக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்ட புத்தகங்கள். விலங்கியலில் மட்டும் நடுவில் நான்கு பக்கங்கள் இல்லை. கழிவு நீக்க மண்டலம், சிறுநீரகம் பற்றிய இடம். பெரியம்மாவிடம் கேட்டதற்கு எலி என்றார். எலி கடித்தால் ஓரம் பிசிறும், இது பிளேடு வைத்து அறுத்தது மாதிரி நேராக இருந்தது. வகுப்பில் யாரிடமாவது வாங்கி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

நான் படிக்கிற இடம் பின்கட்டில் ஓட்டுச் சாய்ப்பு. அதன் ஒரு பக்கச் சுவர் மாடி வீட்டுச் சுவர்தான். எங்கள் ஓட்டுக்கு மேலே அந்தச் சுவரில், மாடி அறைக்கு, ஒரு சின்னக் காற்றுப் போக்கி. அதைத் திராட்சைப் பெட்டிப் பலகைகளை வைத்து ஆணியடித்திருந்தார்கள். பலகையில் கடை முத்திரை நீல மையில் தலைகீழாகத் தெரியும். ஆனி, ஆடியில் நம் ஊர்க் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரம் பறக்கும், பக்கத்தில் பேசுவது கேட்காது. ஐப்பசியில் காற்று அடங்கிய பிறகுதான் முதலில் கேட்டேன்.

நான் ஒரு வரி படித்து முடித்ததும் அதே வரி மெல்லியதாகத் திரும்பி வந்தது. சுவரில் பட்டு எதிரொலிக்கிறது என்று நினைத்தேன். வேண்டுமென்றே ஒன்றிரண்டு வரி கத்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. அம்மாவும் கேட்டாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிவாசலில் ஓதி ஊதிய தண்ணீர் ஒரு சொம்பு வாங்கிவந்து என் முகத்தில் தெளித்தாள், நிலையில் எலுமிச்சம்பழமும் கட்டினாள். இரண்டு மதத்துக்கும் சொல்லியாகிவிட்டது, இனி பயமில்லை என்று அவளுக்கு நிம்மதி. ஒரு நாள் பாதி வரியில் எனக்கு இருமல் வந்துவிட்டது. நான் இருமிக்கொண்டிருக்கும்போதே மீதிப் பாதி வரி மேலேயிருந்து வந்தது. எதிரொலி முன்னால் போகாது என்பது எனக்குத் தெரியும். இயற்பியலில் அதற்கு முந்தின வாரம்தான் நடத்தியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் நான் தூங்கிப்போன நாள். முந்தின நாள் டியூஷனில் பரீட்சை எழுதிய அசதி. நாலு மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, புத்தகத்தை விரித்தது வரைக்கும்தான் நினைவு. கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அடி விழப்போகிறது என்று பயந்துகொண்டே அடுப்படிக்குப் போனேன். அம்மா சிரித்த முகமாகக் காப்பியை நீட்டினாள்.

"இன்னைக்கித்தான் ஆத்தா மூச்சு விடாமப் படிச்சே. அப்பா ரொம்ப நேரம் நின்னு கேட்டுட்டுப் போனாக" என்றாள். என் கன்னத்தில் பாய்த் தழும்பு பதிந்திருந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

நான் என்ன படித்தேன் என்று அவளையே கேட்டேன். "என்னத்தையோ படிச்சே. சிறுநீரு, சிறுநீருன்னு. காலங்காத்தால சாமி படத்துக்கு நேரா ஒக்காந்து அதத்தான் படிக்கணுமா?" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பாடம் என் புத்தகத்திலேயே கிடையாது.

மறுநாள் நான் வாயைத் திறக்கவில்லை. நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு சுவர் ஓரம் உட்கார்ந்தேன். சரியாக நாலரைக்கு மேலே ஆரம்பித்தது. பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு. சிறுநீரகத்தின் செயல் அலகு நெஃப்ரான் எனப்படும் என்று தொடங்கி, நிறுத்தாமல் நான்கு பக்கம். முடிந்ததும் ஒரு மூச்சு. மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. நான் எழுதி எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு தோழியின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கமா கூட மாறவில்லை.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் மழுப்பப்போவதில்லை. அக்கா கோயமுத்தூரில் இல்லை. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஆணியடித்த பலகைக்குப் பின்னால் இருக்கிறாள்.

தெரிந்ததும் பழையதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள்களைப் பெரியம்மா கேட்டு வாங்கிப் போயிருந்தார். "அக்கா கேட்டிச்சு, தபால்ல அனுப்பணும்" என்றார். டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்குப் பிளஸ் டூ காலாண்டுக் கேள்வித்தாள் எதற்கு? கொடுத்தபோது எனக்குப் பெருமைதான் இருந்தது, கேள்வி இல்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அக்கா லீவுக்கு வந்திருக்கிறாளா என்று கேட்டேன். சொளகு நின்றது. "அவ அங்கனதான இருக்கா. டாக்டர் படிப்புன்னா லீவெல்லாம் சும்மாவா?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உளுந்து அங்கேயே கிடந்தது, காக்கை வந்து கிளறியது.

மறுநாள் பகலில் நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது சுத்தியல் சத்தம் கேட்டதாக அம்மா சொன்னாள். மாடியில் வவ்வால் அடைகிறதாம், பெரியப்பா பலகை அடித்தாராம். போய்ப் பார்த்தேன். பழைய பலகைக்கு மேலே இன்னொரு வரிசை, புதுப் பலகை. அடுத்த நாள் விடியலில் மேலே சத்தமே இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அந்த இரண்டு நாளில் அவளை என்ன செய்திருப்பார்கள் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கவலை வேறு. நான் படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒரு வரி படித்துவிட்டு அடுத்த குரலுக்காகக் காது தானாக நின்றது. அந்தக் குரல் இல்லாமல் எனக்குப் படிக்கத் தெரியாமல் போய்விட்டது. அரையாண்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

மூன்றாம் நாள் நானே பெரியம்மாவிடம் போனேன். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னேன். "அன்னைக்கி நான் கிறுக்குத்தனமாக் கேட்டுட்டேன் பெரியம்மா. அது என் சத்தந்தான். ஒங்க செவத்துல பட்டுத் திரும்புது. எங்க சார் சொல்லிட்டாரு, ஒசந்த செவருன்னா அப்படித்தானாம்." பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். எனக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு என் தலையைத் தடவினார். "நல்லாப் படி தாயி" என்றார். அம்மா அன்றே தெருவில் சொல்லிவிட்டாள், எங்கள் பிள்ளை படித்தால் சுவரும் கூடப் படிக்கிறது என்று. அதற்குப் பிறகு யார் காதில் விழுந்தாலும் யாரும் நின்று கேட்கவில்லை.

நான்காம் நாள் குரல் வந்தது. இரண்டு வரிசைப் பலகைக்குப் பின்னால் முன்னைவிட மெல்லியதாக. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஜீப்பில் கிடக்கும் ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவை உடைத்திருப்பார், அவர் அப்படிப்பட்ட ஆள். அதனால்தான் நான் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கே சத்தியம் செய்துகொண்டேன்.

தை, மாசி முழுக்க ஒரு வரி நான், ஒரு வரி அவள். இப்படியே விலங்கியல், தாவரவியல் இரண்டையும் மூன்று முறை முடித்தோம். நான் தப்பாகச் சொன்னால் அடுத்த வரி வராது. சரியாகச் சொல்லும்வரை மேலே அமைதி. எந்த டியூஷனிலும் எனக்கு அப்படி ஒருத்தர் சொல்லிக்கொடுத்ததில்லை. வேறு பேச்சு எதுவும் இல்லை. ஒருமுறை புத்தகத்தை மூடிவிட்டு "அக்கா" என்றேன். வெகுநேரம் கழித்து "ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன" என்று வந்தது.

உயிரியல் பரீட்சை அன்று எனக்கு எங்கள் பள்ளி வரிசையில் கடைசி இடம். என் பின்னால் இம்ப்ரூவ்மென்ட் எழுதுகிறவர்கள் வரிசை தொடங்கியது. மார்க்குக் குறைந்தவர்கள் மறுபடி எழுதி ஏற்றிக்கொள்வார்களே, அவர்கள். எனக்கு நேர் பின்னால் பெஞ்ச் காலி. வருகைத் தாளில் கையெழுத்துப் போடக் குனிந்தபோது என் நம்பருக்குக் கீழே அடுத்த வரியில் அவள் பெயர் இருந்தது. மேற்பார்வை ஆசிரியர் அதற்கு நேராகச் சிவப்பில் ஆப்சென்ட் என்று எழுதினார்.

அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. அவளுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. ஏதோ ஒன்றிரண்டு மார்க்கில் போயிருக்கிறது. அவள் பரீட்சையில் அந்த நான்கு பக்கத்திலிருந்து கேள்வி வந்து, அவளுக்கு வராமல் போயிருக்க வேண்டும். பெரியப்பா அவசரப்பட்டு லட்டுக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு, ஒரு வருடம் ஒளித்து வைத்து இம்ப்ரூவ்மென்ட் எழுத வைத்தால் பொய் உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஃபார்மும் கட்டியிருக்கிறார்கள், ஹால் டிக்கெட்டும் வந்திருக்கிறது. ஆனால் பரீட்சை எழுதுவது இதே ஊரில், இதே பள்ளிக்கூடத்தில். டாக்டருக்குப் படிக்கிற பெண் பிளஸ் டூ எழுத எப்படித் தெருவில் நடந்து வருவாள்? போன வருடமும் இந்த பெஞ்ச் காலியாகத்தான் இருந்திருக்கும். ஒருநாளும் எழுத முடியாத பரீட்சைக்கு அவள் விடியலில் எழுந்து படித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வித்தாளைத் திருப்பினேன். பத்து மார்க்குக் கேள்வி, சிறுநீர் உருவாகும் விதத்தை விவரி. என் பின்னால் காலி பெஞ்சிலிருந்து அந்தக் கரகரத்த குரல் முதல் வரியைச் சொன்னது. பயத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் பேசுவது போலக் கேட்டேன். அது சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

மார்க்கு வந்தது, நுழைவுத் தேர்வும் நன்றாக அமைந்தது, சீட்டும் கிடைத்தது. அப்பா ஜீப்பின் முன்னால் மாலை கட்டி ஓட்டினார். மலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். பெரியப்பா வீடு தேடி வந்து எனக்கு ஒரு பேனா கொடுத்தார். அப்பாவிடம் சொல்லிவிடுவதாகச் செய்த சத்தியம் நினைவிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அப்பா கேட்பாரே என்ற பயம். எனக்குப் படிக்க வேண்டியது எதுவும் இல்லை, நான் எழுவதை நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. நாலரை மணிக்குத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

பொங்கல் லீவுக்கு நான் வந்தபோது மாடி வீடு உரக் கடைக்காரரின் குடோனாகியிருந்தது. மலைக்கு மேலே கேரளா பக்கம் குடிபோய்விட்டார்கள் என்றாள் அம்மா. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நான் தேடினேன் என்று சொன்னால் அது பொய். குடோன் ஆளிடம் கேட்டு ஒருமுறை மாடி அறையைப் பார்த்தேன். என் சாய்ப்புப் பக்கச் சுவரில், உட்கார்ந்தால் தலை சாய்கிற உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. அம்மா இன்றைக்கும் சொல்வாள், மாடி வீட்டு அக்கா மலையாளத்துப் பக்கம் பெரிய டாக்டராக இருக்கிறாளாம் என்று. நான் மறுத்ததில்லை.

ஒன்றைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நான் காலேஜுக்குக் கிளம்பிய நாள். ஆவணி மாதம், அன்றைக்கு மட்டும் காற்று கொஞ்சம் விட்டிருந்தது. அப்பா என் டிரங்குப் பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். மறந்துபோன சீப்பை எடுக்கச் சாய்ப்புக்குள் போனேன். மணி நாலரை.

"சிறுநீரகத்தின் செயல் அலகு நெஃப்ரான் எனப்படும்" என்றது மேலே. அத்தோடு நின்றது. வழக்கமாக அவள் தனியாகப் படித்தால் நிறுத்த மாட்டாள். நான் உள்ளே வந்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த வரி என்னுடையது.

எனக்கு அந்த வரி தெரியும். இப்போதும் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாயைத் திறந்தேன். வெளியே அப்பா ஹாரன் அடித்தார். நான் சீப்பை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்து ஏறிக்கொண்டேன். அப்பா வண்டியை உறும விட்டுவிட்டுப் பழக்கத்தில் ஒரு நிமிடம் வாசலைப் பார்த்துக் காது கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கியரைப் போட்டார். தெரு முனை திரும்பும்வரை நானும் கேட்டுக்கொண்டே போனேன். மேலே ஒரு சத்தமும் வரவில்லை. நான் சொல்லட்டும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.